கேட்டுக் கேட்டே தீர்ந்த பேட்டரிகள்

பொள்ளாச்சிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பில், மண்ணின் ஈரத்தைக் கால் மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்து கம்பியில்லாமல் அனுப்பும் 12 சிறு கருவிகளை (உணரிக் கணுக்களை) நானும் முதுநிலை மாணவர்கள் மூவரும் மரங்களில் கட்டி முடித்த அன்று, கணுவுக்கு இரண்டு ஏஏ பேட்டரி போட்டிருக்கிறோம், ஓராண்டு ஓடும் என்று தோப்புக்காரரிடம் உறுதியாகச் சொல்லியிருந்தேன். ஆறாம் நாள் காலையில் அவர் தொலைபேசியில் அழைத்தார். மோட்டார் கொட்டகையில் நாங்கள் வைத்துவிட்டு வந்த மடிக்கணினியில் முந்தைய நாள் மாலைக்குப் பிறகு ஒரு வரிகூடச் சேரவில்லை என்றார். நேரில் போய்ப் பார்த்தபோது பன்னிரண்டு கணுக்களிலும் பேட்டரி ஏறக்குறைய ஒரே நேரத்தில் தீர்ந்திருந்தது. "ஏனுங்க சார், டார்ச் லைட்டுல போட்டாக்கூட இந்தக் கட்டை ஆறு மாசம் வருதுங்களே" என்று அவர் கேட்டதற்கு அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. திரும்பும் வழியில், பேருந்தில், பயணச்சீட்டின் பின்புறம் போட்டுப் பார்த்த கணக்கில்தான் பதில் கிடைத்தது.

எங்கள் கணுக்களில் இருந்தது சிசி2420 என்ற வானொலிச் சில்லு. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கு 250 கிலோபிட் வேகத்தில் இயங்கும் அந்தச் சில்லு, 0 டிபிஎம் (ஒரு மில்லிவாட்) திறனில் அனுப்பும்போது 17.4 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது, பெறும்போது 18.8 மில்லிஆம்பியர். பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு சற்றுக் கூடுதல் என்பதே முதல் வியப்பு. இரண்டாவது, யாராவது பேசுவார்களா என்று சும்மா காத்திருப்பதற்கும் அதே 18.8தான். எங்கள் பேட்டரியின் 2500 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவை 18.8ஆல் வகுத்தால் 133 மணி நேரம் வருகிறது. அதாவது ஐந்தரை நாள். வானொலியை இடையிடையே உறங்க வைக்கும் அமைப்பை நிரலில் இயக்க மறந்திருந்தோம். வழித்தேர்வில் எந்தப் பிழையும் இல்லை. ஒவ்வொரு பொதியும் (ஒரே வீச்சில் போகும் தரவுத் துண்டு) மிகச் சிக்கனமான பாதையில்தான் கொட்டகைக்கு வந்து சேர்ந்திருந்தது. பொதியை எந்தக் கணுக்கள் வழியாகக் கடத்துவது என்று முடிவு செய்வதை, வகுப்பறையில் ரௌட்டிங் என்று சொல்வதைத்தான் இங்கே வழித்தேர்வு என்று எழுதுகிறேன்.

கம்பியில்லா உணரி வலையமைப்புகளில் ஆற்றல் சிக்கனமான வழித்தேர்வு என்பது நம் பொறியியல் கல்லூரிகளின் முதுநிலைத் திட்டப்பணிகளில் ஆண்டுதோறும் தலைகாட்டும் தலைப்பு. நான் மேற்பார்த்தவற்றிலும் தேர்வாளராகப் போய்ப் பார்த்தவற்றிலும் பெரும்பாலானவை லீச் என்ற ஒரே நெறிமுறையின், அதாவது கணுக்கள் பேசிக்கொள்வதற்கான விதித்தொகுப்பின், பிள்ளைகளாகவும் பேரப்பிள்ளைகளாகவும் இருந்தன. வெண்டி ஹைன்சல்மன், அனந்த சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடியிலிருந்து 2000 ஜனவரியில் ஹவாயில் நடந்த மாநாட்டில் முன்வைத்தது அது. இவர்களில் பாலகிருஷ்ணன் சென்னை ஐஐடியில் பட்டம் பெற்றவர். அவர்களுடைய யோசனை எளிமையானது, அழகானது. கணுக்கள் சிறு குழுக்களாகப் பிரிகின்றன. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு தலைக்கணு. உறுப்பினர்கள் தரும் அளவீடுகளைத் தலைக்கணு ஒன்றாகச் சுருக்கித் எல்லாத் தரவும் வந்து சேரும், தொலைவிலுள்ள தள நிலையத்துக்கு அனுப்புகிறது. தலைமைக்கு ஆற்றல் மிகுதியாகச் செலவாவதால் ஒருவரே அதைச் சுமக்காதபடி, ஒவ்வொரு சுற்றிலும் கணுக்கள் தமக்குள் சீட்டுக் குலுக்கிப் பார்த்துத் தலைமையை மாற்றிக்கொள்கின்றன. 100 கணுக்கள் கொண்ட அவர்களுடைய கணினிப் பாவனையில் நூற்றுக்கு 5 கணுக்கள் தலைமை ஏற்பது உகந்ததாக இருந்தது. அப்படியானால் ஒருமுறை தலைமை ஏற்ற கணுவுக்கு மறுமுறை வாய்ப்பு வர 20 சுற்றுகள் நிறைவடைய வேண்டும்.

அந்தக் கட்டுரையைவிட நீண்ட ஆயுள் பெற்றது அதிலிருந்த ஆற்றல் மாதிரி. ஒரு பிட்டை அனுப்பவோ பெறவோ மின்சுற்றுக்கு 50 நானோஜூல். அனுப்பும்போது அதற்கு மேல் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப, சதுர மீட்டருக்கு 100 பிக்கோஜூல். இதை வைத்து 2000 பிட் நீளமுள்ள ஒரு பொதியை 100 மீட்டர் தொலைவுக்குக் கொண்டுசேர்க்கும் கணக்கை மாணவர்களைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். நேராக ஒரே வீச்சில் அனுப்பினால் 2.1 மில்லிஜூல். நடுவில் ஒரு கணுவை நிறுத்தி 50 மீட்டராக இரண்டு தாவல்களில் அனுப்பினால் 1.3. தாவலைக் கூட்டிக்கொண்டே போனால் செலவு குறைந்துகொண்டே போகும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். மூன்று தாவல்களில் 1.17 வரை இறங்கும் செலவு நான்கில் 1.2 ஆகி, ஐந்தில் மறுபடியும் 1.3 ஆகிவிடுகிறது, பத்து மீட்டருக்கு ஒரு கணுவாகப் பத்துத் தாவல்களில் அனுப்பினால் மீண்டும் 2.1, அதாவது நேராக வீசியதற்கு ஆன அதே செலவு. இடையில் உள்ள ஒன்பது பேரும் பொதியைக் காதில் வாங்குவதற்கே 0.9 மில்லிஜூல் போய்விடுகிறது. குறுகிய தாவல்கள் எப்போதும் சிக்கனம் என்ற பாடநூல் வாக்கியத்தைக் கலைப்பதற்கு இந்த ஐந்து நிமிடக் கணக்கே போதும்.

ஆனால் இந்த மாதிரியில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பிட் அசையும்போது மட்டுமே அதில் ஆற்றல் செலவாகிறது. யாரும் எதுவும் அனுப்பாத நேரத்தில் கணுவுக்குச் செலவே இல்லை. மூல லீச்சின் மீது இந்தக் குறையைச் சுமத்துவது நியாயமாகாது. அதில் தலைக்கணு தன் உறுப்பினர்களுக்கு நேரப் பங்கீடு செய்து கொடுக்கும். தன் முறை வரும்வரை உறுப்பினர் வானொலியை அணைத்துவிட்டு உறங்கலாம். பின்வந்தவர்கள் மாதிரியை எடுத்துக்கொண்டு நேரப் பங்கீட்டைக் கைவிட்டார்கள். தலைக்கணுவைத் தேர்ந்தெடுக்க எறும்புக் கூட்டம், தேனீக் கூட்டம், மரபுவழித் தேர்வு என்று புதுப்புது முறைகளைப் புகுத்தி, முதல் கணு எத்தனையாவது சுற்றில் இறந்தது என்று வரைபடம் போட்டுக் காட்டும் அறிக்கைகளில், கணு ஒரு நாளில் எவ்வளவு நேரம் விழித்திருந்தது என்ற எண்ணை நான் பார்த்தது மிகக் குறைவு. அவற்றில் சிலவற்றில் மேற்பார்வையாளர் என்ற இடத்தில் என் கையொப்பமும் இருக்கிறது.

விழித்திருக்கும் நேரத்தின் விலையைக் களத்தில் வைத்து முதலில் கணக்கிட்டவர்களுள் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி குழுவினர் முக்கியமானவர்கள். 2002ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் மெயின் மாநிலக் கடலோரத்துக்கு அப்பால் உள்ள கிரேட் டக் தீவில், பறவைகள் கூடு கட்டும் வளைகளுக்குள்ளும் வெளியிலுமாக 32 கணுக்களை அவர்கள் வைத்தார்கள். 237 ஏக்கர் பரப்புள்ள சிறு தீவு அது. அவர்கள் கவனித்த பறவையின் பெயர் லீச் புயல்பறவை. வில்லியம் எல்ஃபோர்ட் லீச் என்ற ஆங்கிலேய விலங்கியலாளரின் பெயரைத் தாங்கியது. எம்ஐடியின் லீச்சுக்கும் இந்த லீச்சுக்கும் பெயரைத் தவிர எந்தத் தொடர்பும் இல்லை என்றாலும், ஒன்று காகிதத்திலும் மற்றொன்று மண்வளைக்குள்ளும் இருந்துகொண்டு ஒரே சிக்கலை இரு பக்கமிருந்து காட்டியது எனக்கு இன்றும் சுவையாகவே இருக்கிறது.

அந்தத் தீவுக் கணுவுக்கும் இரண்டு ஏஏ பேட்டரிதான். அதிலிருந்து 2200 மில்லிஆம்பியர்-மணி கிடைக்கும் என்று கொண்டு, ஒன்பது மாதம் ஓட வேண்டும் என்று வைத்தால், நாளொன்றுக்குச் செலவழிக்கக் கிடைப்பது 8.148 மில்லிஆம்பியர்-மணி. வரவு இவ்வளவுதான் என்று முதலில் எழுதி வைத்துவிட்டு அவர்கள் செலவுப் பட்டியலைப் போட்டார்கள். ஒரு பொதியை அனுப்ப 20 நானோஆம்பியர்-மணி, பெற 8, வானொலியை ஒரு மில்லிநொடி திறந்து வைத்துக் கேட்க 1.25. கடைசி எண் சின்னதாகத் தெரியும். ஆனால் ஒரு நொடி கேட்டால் அது 1250 ஆகிவிடும். 62 பொதிகளை அனுப்புவதற்கான செலவு. ஒரு நாளின் மொத்தப் படியையும் தீர்த்துவிட, ஒரு பொதிகூட அனுப்பாமல், 1 மணி 49 நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். எங்கள் தோப்பில் 12 கணுக்களும் 24 மணி நேரமும் கேட்டுக்கொண்டிருந்தன.

அடுத்த ஆண்டு, 2003இல், அதே தீவில் 150 கருவிகளுடன் நான்கு மாதம் நடந்த சோதனை இன்னும் பயனுள்ளது. அதில் ஒரு பகுதிக் கணுக்கள் நேரடியாக ஒரே தாவலில் அனுப்பின. மறுபகுதியில் ஒன்றின் பொதியை மற்றொன்று வாங்கிக் கடத்தியது. ஒற்றைத் தாவல் வலையமைப்பின் ஆயுளைத் தங்களால் துல்லியமாக முன்கணிக்க முடிந்தது என்றும், பல தாவல் வலையமைப்பில், தமக்கு உரியதல்லாத பொதிகள் கணுக்களின் காதில் விழுவதால் ஆகும் செலவைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்றும் அவர்கள் 2004இல் எழுதினார்கள். பக்கத்து வீட்டுப் பேச்சு காதில் விழுந்தால் நமக்கு நட்டமில்லை. கணுவுக்கு அது பேட்டரியிலிருந்து கழிகிறது. ஆகையால் ஒரு பாதையின் செலவைக் கணக்கிடும்போது அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் மட்டும் எண்ணினால் போதாது; அந்தப் பாதையின் ஓரத்தில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதையும் எண்ண வேண்டும். கணுக்கள் நெருங்கி நிற்கும் பகுதி வழியாகப் போகும் குறுக்குப் பாதையைவிட ஆளரவமற்ற பகுதி வழியாகச் சுற்றிப் போவது மொத்தத்தில் மலிவாக இருக்கக்கூடும்.

உறக்கத்தையும் உரையாடலையும் எப்படி இணைப்பது என்பது இங்கே எழும் அடுத்த கேள்வி. இரு கணுக்களும் வெவ்வேறு நேரத்தில் உறங்கினால் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குக் கேட்காது. 2004இல் பெர்க்லியிலிருந்து வந்த பி-மேக் என்ற நெறிமுறை இதற்கு ஒரு முரட்டு வழியைச் சொன்னது. ஒவ்வொரு கணுவும் குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை கண் விழித்து, அலையில் சத்தம் இருக்கிறதா என்று நொடிப்பொழுது பார்த்துவிட்டு மறுபடியும் உறங்கும். அனுப்ப விரும்பும் கணு அந்த இடைவெளியைவிட நீளமாக ஒரு முன்சைகையை எழுப்பினால், பெறுநர் எப்போது விழித்தாலும் அது காதில் விழும். கேட்கும் செலவு பெருமளவு குறைகிறது. அந்தச் சுமை அனுப்புகிறவர் தலையில் ஏறுகிறது. சிக்கல் என்னவென்றால், அந்த நீண்ட முன்சைகை யாருக்கானது என்று தெரியாமல் சுற்றியிருக்கும் அத்தனை பேரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். 2006இல் கொலராடோ பல்கலைக்கழகத்தார் கொண்டுவந்த எக்ஸ்-மேக், முன்சைகையைச் சிறு துண்டுகளாக நறுக்கி ஒவ்வொன்றிலும் பெறுநரின் முகவரியை எழுதியது. முகவரி தன்னுடையதல்ல என்று கண்டவர் உடனே உறங்கப் போகலாம். தன்னுடையது என்று கண்டவர் துண்டுகளுக்கு இடையில் பதில் கொடுத்து மிச்ச முன்சைகையைத் தவிர்க்கச் செய்யலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகுதான் வழித்தேர்வுக்கு உண்மையிலேயே என்ன வேலை இருக்கிறது என்று பார்க்க முடியும். தாவல்களின் எண்ணிக்கை குறைந்த பாதையைத் தேர்ந்தெடுக்கும் நெறிமுறை, இயல்பாகவே நீளமான, நைந்த இணைப்புகளைப் பிடித்துக்கொள்கிறது. நூற்றுக்கு நாற்பது பொதிகளே போய்ச் சேரும் ஒற்றை இணைப்பில் ஒரு பொதியைச் சேர்க்கச் சராசரியாக இரண்டரை முறை அனுப்ப வேண்டியிருக்கும். தொண்ணூறு விழுக்காடு போய்ச் சேரும் இரண்டு இணைப்புகள் வழியாக என்றால் மொத்தம் 2.22 முறை போதும். எதிர்பார்க்கப்படும் அனுப்புகைகளின் எண்ணிக்கை என்ற இந்த அளவுகோலை 2003இல் எம்ஐடிக் குழு ஒன்று கம்பியில்லாக் கணினி வலையமைப்புகளுக்காக வகுத்தது. உணரி உலகில் அதை எடுத்தாண்டது 2009இல் விரிவாக விளக்கப்பட்ட சிடிபி என்ற சேகர மர நெறிமுறை. நாங்கள் தோப்பில் பயன்படுத்தியதும் அதுவே. தன் பாதையின் செலவை அண்டைக் கணுக்களுக்கு அறிவிக்கும் செய்தியை அது ஒரே கதியில் அனுப்புவதில்லை. ஊரில் எதுவும் மாறாதபோது அறிவிப்பு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போகும். பாதையில் முரண்பாடு தெரிந்ததும் இடைவெளியைச் சட்டென்று குறைத்து வேகமாக அறிவிக்கும். டிரிக்கிள் எனப்படும் இந்த உத்தியை 2012 மார்ச்சில் இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 6550 ஆக வெளிவந்த ஆர்பிஎல் என்ற வழித்தேர்வுத் தரமும் ஏற்றுக்கொண்டது. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபோது பேசாமல் இருக்கத் தெரிந்த நெறிமுறை என்பதால் இவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது டிரிக்கிள்தான்.

எந்த நெறிமுறையாலும் முழுவதும் தீர்க்க முடியாத ஒன்றும் இருக்கிறது. காவிரிப் பாசனத்தில் தலைமடைக்காரருக்குத் தண்ணீர் நிறைந்திருக்கும். கடைமடைக்காரர் காத்துக் கிடப்பார். உணரி வலையமைப்பில் ஓட்டம் எதிர்த்திசையில் என்பதால் நிலைமை தலைகீழ். தள நிலையத்தை ஒட்டியிருப்பவர் எல்லாருடைய பொதிகளையும் சுமக்கிறார். ஒரே வரிசையில் பத்துக் கணுக்கள் நின்று ஆளுக்கொரு பொதி அனுப்பினால், கடைசிக் கணு ஒன்றை அனுப்புகிறது. முதல் கணு ஒன்பதைப் பெற்றுப் பத்தை அனுப்புகிறது. தீவுப் பட்டியலின்படி இது 20க்கு எதிராக 272 நானோஆம்பியர்-மணி. முதல் வரிசை இறந்ததும் பின்னால் பேட்டரி நிறைந்து நிற்கும் கணுக்கள் அனைத்தும் ஒரே நாளில் ஊமையாகிவிடுகின்றன. லீச்சைப் போல நடுவில் சுருக்கி அனுப்பலாம் என்பார்கள். தோப்பு முழுவதற்கும் சராசரி ஈரம் என்ன என்று கேட்பவருக்கு அது சரி. எந்த மரத்தடி காய்கிறது என்று கேட்பவருக்குச் சராசரியால் பயனில்லை, எங்கள் தோப்புக்காரர் கேட்டது இரண்டாவது கேள்வி. இப்போது பலர் லோரா என்ற குறைந்த வேக வானொலி முறை வழியாக நீண்ட தூரத்துக்கு ஒரே தாவலில் அனுப்பி வழித்தேர்வையே தவிர்த்துவிடுகிறார்கள். அது நல்ல தீர்வுதான். ஆனால் அங்கும் தூரத்துக்காகப் பரவல் காரணி என்ற அமைப்பெண்ணை ஒரு படி ஏற்றும்போது பொதி காற்றில் நிற்கும் நேரம் ஏறத்தாழ இரட்டிக்கிறது, பேட்டரிக் கணக்கு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

தோப்புக்கு இரண்டாம் முறை போவதற்கு முன் எங்கள் வரவுசெலவை எழுதினோம். அரை நொடிக்கு ஒருமுறை விழித்து ஒவ்வொரு முறையும் 10 மில்லிநொடி கேட்டால், நாளொன்றுக்கு 1728 நொடி. தன் பொதியோடு பின்னாலிருக்கும் எட்டுக் கணுக்களின் பொதிகளையும் சுமக்கும் ஒரு கணு நாளொன்றுக்கு 864 முறை அனுப்புகிறது. எக்ஸ்-மேக் பாணியில், பெறுநர் விழிக்கும்வரை சராசரியாகக் கால் நொடி முன்சைகை எழுப்ப வேண்டும் என்பதால் 216 நொடி. மொத்தம் 1944. இடைவெளியை ஒரு நொடியாக்கினால் கேட்பது 864ஆகக் குறைந்து அனுப்புவது 432ஆக உயர்ந்து மொத்தம் 1296. இரண்டு நொடியாக்கினாலும் அதே 1296. நான்கு நொடியாக்கினால் மீண்டும் 1944. தன் பொதியை மட்டும் அனுப்பும் ஓரத்துக் கணுவுக்கோ நான்கு நொடிதான் இவற்றுள் மலிவு, 408 நொடியில் முடிந்துவிடுகிறது. ஒரே எண் எல்லாருக்கும் பொருந்தாது என்று தெரிந்தே ஒரு நொடியை வைத்தோம். பெறும் செலவையும் தொலைந்துபோகும் பொதிகளையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

நான்கு மாதம் கழித்து மின்னழுத்தங்களை அளந்தபோது கொட்டகையை ஒட்டிய கணுதான் மிகவும் தளர்ந்திருக்கும் என்று மூன்று மாணவர்களும் நானும் ஒருமித்து எதிர்பார்த்தோம். மிகக் குறைவாக இருந்தது இரண்டாம் வரிசைக் கணு. கொட்டகையில் இருந்த தள நிலையம் மின்வாரிய இணைப்பில் ஓடுவதால் உறங்குவதே இல்லை; ஆகவே முதல் வரிசைக் கணு முன்சைகையின் முதல் துண்டை எழுப்பியதுமே பதில் கிடைத்துவிடுகிறது, அதற்கு அனுப்பும் செலவு ஏறக்குறைய இல்லை. இரண்டாம் வரிசைக் கணுவோ, உறங்கிக்கொண்டிருக்கும் முதல் வரிசையை ஒவ்வொரு பொதிக்கும் அரை நொடி கூப்பிட வேண்டியிருந்தது. கையில் எடுத்துச்சென்றிருந்த இரண்டு கூடுதல் கணுக்களைக் கொட்டகைச் சுவரில் மாட்டுவதாக இருந்த திட்டத்தை மாற்றி, இரண்டாம் வரிசை மரங்களில் கட்டினோம். முதல் வரிசைக் கணுவை மட்டும் கால் நொடிக்கு ஒருமுறை விழிக்குமாறு மாற்றி எழுதினோம். கழற்றிய பழைய பேட்டரிகளைத் தோப்புக்காரர் டார்ச் லைட்டுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.